செய்மதிக்குத் தெரிந்த மழையும் நமக்குத் தெரிந்த மழையும்

திருகோணமலையில் மாணவர்களும் ஆசிரியர்களும் விவசாயத்துறையினரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

அவையோருக்கு வணக்கம்.

திருகோணமலையில் அதிக மழை எந்த மாதம்? இந்த மண்டபத்தில் விடை தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. நவம்பரும் டிசம்பரும்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஜூனில் வயல் வெடித்துக் கிடக்கும்.

இந்த அறிவு உங்களிடம் இருக்கும்வரை செய்மதித் தரவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எந்தத் தரவைத் தரவிறக்கினாலும் முதல் வேலையாகப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தூண்கள் கொண்ட ஒரு வரைபடம் போடுங்கள். உயர்ந்த தூண் நவம்பரிலோ டிசம்பரிலோ நிற்கவில்லையா? உடனே காலநிலை மாறிவிட்டது என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். கோப்பை எங்கேயோ பிழையாக வாசித்திருக்கிறீர்கள். எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்பதைத்தான் இன்று பெரும்பாலும் பேசப்போகிறேன். படம் வரைவது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள்.

முதலில் எந்தத் தரவு என்று பார்ப்போம். மழைக்கு சிர்ப்ஸ் என்ற தரவுத் தொகுப்பில் தொடங்குங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் உள்ள காலநிலை இடர் மையம் இதைத் தயாரிக்கிறது. 1981 முதல் உள்ளது. ஒரு கட்டம் 0.05 பாகை, அதாவது நம் பக்கத்தில் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர். மேகத்தின் உச்சி எவ்வளவு நேரம் குளிராக இருந்தது என்பதை அகச்சிவப்புப் படங்களிலிருந்து எடுத்து, தரையிலுள்ள மழைமானிகளின் அளவுகளோடு கலந்து இந்த எண்களைச் செய்கிறார்கள். ஆகவே மழையை நேரே அளந்த எண் என்று இதை எண்ணிவிடாதீர்கள். உச்சி அவ்வளவு குளிராத மேகமும் மழை பெய்யும். அகச்சிவப்பு அதைக் குறைத்தே மதிப்பிடும். இன்னொன்று, சிர்ப்ஸின் அடிப்படை அலகு ஐந்து நாள். நாளாந்த எண்கள் அந்த ஐந்து நாளைப் பிரித்துப் பெறப்பட்டவை. மாத மொத்தத்துக்கு நல்லது. ஒரு நாள் வெள்ளத்துக்கு இதை நம்பிப் பேசக்கூடாது.

மென்பொருள் எல்லாம் இலவசம். நாசாவின் கொடார்ட் நிறுவனம் வெளியிடும் பனோப்ளி, கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு. அது இயங்க ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தையது கணினியில் இருக்கவேண்டும். கணக்குப் போடப் பைதன் என்ற நிரல் மொழி. அதை மினிஃபோர்ஜ் என்ற நிறுவி வழியாக நிறுவுங்கள். புதிதாக ஒரு தனிச் சூழலை உருவாக்கி, எக்ஸ்அரே (கோப்பை வெட்டிக் கணக்கிட), நெட்சிடிஎஃப்4 (நெட்சிடிஎஃப் என்ற தரவுக் கோப்பு வகையை வாசிக்க), மாட்பிளாட்லிப் (படம் வரைய), கார்ட்டோபி (நிலப்படத்துக்கு), ஜூபிட்டர்லாப் (நிரலை எழுதி ஓட்ட) என்ற ஐந்து பொதிகளையும் ஒரே கட்டளையில் கேளுங்கள். நிறுவும் கருவிகள் இரண்டு உண்டு, கொண்டா, பிப்; பாதியைக் கொண்டாவிலும் மீதியைப் பிப்பிலும் நிறுவினால் கார்ட்டோபிதான் முதலில் மக்கர் பண்ணும். அது அடியில் வேறு பல நூலகங்களை நம்பி நிற்கிறது, அவற்றின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கட்டளை வரியில் வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு சி.டி.ஓ. இருக்கிறது. ஹம்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தின் கருவி அது. லினக்ஸில் ஒரே வரியில் நிறுவலாம். விண்டோஸ்காரர் அதற்குள் லினக்ஸை ஏற்றிப் பயன்படுத்தவேண்டும். நிரல் எழுதத் தயங்குபவருக்கு என் பரிந்துரை சி.டி.ஓ.தான்.

கார்ட்டோபி பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. முதல் முறை நிலப்படத்தில் கரையோர எல்லைக் கோடு வரையும்போது அது இணையத்திலிருந்து அந்தக் கோட்டின் தரவைத் தரவிறக்கும். இணையம் இல்லாத வகுப்பறையில் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய பதிப்புகளில் இயல்பாக வந்த கோடு மிகக் கரடானது, கொட்டியாரக் குடாவே அதில் தெரியாது. அப்படி வந்தால் மிக நுணுக்கமான கோட்டைக் கேட்டு எடுக்கவேண்டும்.

இனிக் கோப்பின் அளவு. சிர்ப்ஸின் இரண்டாம் பதிப்பில் உலக வரைபடம் ஒவ்வொன்றும் 7,200 நிரல், 2,000 நிரை. பெருக்கினால் 1 கோடியே 44 இலட்சம் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு நான்கு பைட் என்றால் ஒரு மாதம் 57.6 மெகாபைட். நாற்பது ஆண்டு, அதாவது 480 மாதத்துக்கு 27 கிகாபைட்டுக்கு மேல். நம்மில் பலருடைய மடிக்கணினியின் நினைவகம் 8 கிகாபைட். ஆனால் நமக்கு வேண்டியது எவ்வளவு? கிழக்கு நெட்டாங்கு 80.7 முதல் 81.5 வரை, வடக்கு அகலாங்கு 8.2 முதல் 9.0 வரை ஒரு பெட்டி போட்டால் வெருகல் பக்கத்திலிருந்து கொக்கிளாய் வரை கிட்டத்தட்ட முழு மாவட்டமும் அடங்கும். பதினாறுக்குப் பதினாறு, 256 கட்டங்கள். 480 மாதத்துக்கும் சேர்த்து 1,22,880 எண்கள், அரை மெகாபைட்டுக்கும் குறைவு. எக்ஸ்அரே கோப்பைத் திறந்தவுடன் எண்களை வாசிப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் தலைப்பை மட்டும் வாசிக்கும். எனவே திற, பெட்டியை வெட்டு, வெட்டியதைத் தனிக் கோப்பாகச் சேமி, பிறகு கணக்குப் போடு. முழு உலகத்துக்கும் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினால் கணினி உறைந்துபோகும்.

வெட்டும்போது நடக்கும் ஒரு மௌனப் பிழையை இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். சிர்ப்ஸ் கோப்பில் அகலாங்கு தெற்கிலிருந்து வடக்காக ஏறும். ஐரோப்பாவின் ஈ.ஆர்.ஏ.5 என்ற வானிலைத் தரவில் 90 இலிருந்து -90 வரை இறங்கும். 8.2 முதல் 9.0 வரை என்று முதலாவதில் கேட்டால் பெட்டி வரும். இரண்டாவதில் அதே கட்டளை ஒரு வெற்றுப் பெட்டியைத் தரும். பிழைச்செய்தி எதுவும் வராது. சராசரி கேட்டால் எண்ணே இல்லை என்ற பதில்தான் வரும். 9.0 முதல் 8.2 வரை என்று திருப்பிக் கேளுங்கள், அல்லது முதலில் அகலாங்கை வரிசைப்படுத்துங்கள். நெட்டாங்கு 0 முதல் 360 வரையா, -180 முதல் 180 வரையா என்ற குழப்பம் அமெரிக்கரையும் மேற்கு ஆபிரிக்கரையும் படுத்தும். இலங்கை இரண்டிலும் 81 தான். அந்த அளவுக்கு நமக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது இல்லாத எண். சிர்ப்ஸ் தரைக்கு மட்டும்தான். கடலில் -9999 என்று போட்டிருப்பார்கள். நெட்சிடிஎஃப் கோப்பில் இது தலைப்பில் குறிக்கப்பட்டிருப்பதால் எக்ஸ்அரே தானாக ஒதுக்கிவிடும். டிஃப் படமாக எடுத்து க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் திறந்தால் அது சாதாரண எண்ணாக உள்ளே வந்துவிடலாம். நம் பெட்டியில் 100 கட்டம் கடல், மீதி 156 கட்டத்திலும் 350 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி கிட்டத்தட்ட மைனஸ் 3,700 மில்லிமீற்றர் வரும். இப்படி வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். பெரிய பெட்டியில் இரண்டொரு கட்டம் மட்டும் நழுவி உள்ளே வந்தால் மழை கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஆகவே எப்போதும் ஆகக் குறைந்த எண்ணை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மழை பூச்சியத்துக்குக் கீழே போகாது.

தரை வெப்பநிலைக்கு மோடிஸ் என்ற செய்மதிக் கருவியின் தரவை எடுப்பவர்களுக்கும் இதே கதை. கோப்பில் இருப்பது 15,150 போன்ற முழு எண். அதை 0.02 ஆல் பெருக்கினால் 303 கெல்வின், 273.15 ஐக் கழித்தால் 29.85 பாகை செல்சியஸ். மேகம் மறைத்த இடத்தில் 0 இருக்கும். அதையும் பெருக்கிக் கழித்தால் கந்தளாயில் மைனஸ் 273.15 பாகை! அதோடு அது நிலத்தின் மேற்பரப்பு வெப்பம், நிழலில் தொங்கும் வெப்பமானியின் எண் அல்ல. டிசம்பரில் மேகமில்லாத நாட்கள் மட்டுமே அதில் பதிவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது பன்னிரண்டு தூண்கள் சரியாக வந்துவிட்டன என்று வைப்போம். அடுத்த கேள்வி, இந்த ஆண்டு மழை வழமையை விடக் கூடவா குறைவா? 1991 முதல் 2020 வரை முப்பது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மாதத்தின் சராசரியையும் எடுத்து, ஒவ்வொரு மாதத்திலிருந்தும் அதற்குரிய சராசரியைக் கழிக்கவேண்டும். சி.டி.ஓ.வில் இரண்டே கட்டளை. ஆனால் ஆண்டு மொத்தம் எடுக்கும்போது ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டாதீர்கள். நம் பெரும்போக மழை டிசம்பர் 31 இல் நின்றுவிடுவதில்லை. ஒரே பருவத்தை நடுவில் அறுத்து இரண்டு ஆண்டுக்குப் பங்கு போட்டால் எந்தப் போகம் பிழைத்தது என்றே தெரியாமல் போகும். ஒக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும் நீரியல் ஆண்டை வையுங்கள். எக்ஸ்அரேயில் ஆண்டு ஒக்டோபரில் தொடங்குகிறது என்று சொல்ல முடியும். 1981 இன் முதல் ஒன்பது மாதத்தை விட்டுவிடுங்கள், அது முழு ஆண்டு அல்ல.

பசிபிக் கடல் வழமையை விடச் சூடாகும் எல் நினோவோடு ஒப்பிட நினைப்பவர் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கவேண்டும். எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும் போக்கும், அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை குறையும் போக்கும் உண்டு. இரண்டையும் ஒரே மொத்தத்தில் போட்டால் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு எல் நினோவுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது முடிவெழுதுவார்கள்.

ஒற்றைப் புயலைப் பார்க்க வேண்டுமானால் நாசாவின் ஐமெர்க் என்ற மழைத் தரவு. அரை மணிக்கு ஒரு படம், கட்டம் 0.1 பாகை. நம் பெட்டியில் 64 கட்டம்தான். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாசாவின் எர்த்டேட்டா என்ற தரவுத் தளத்தில் இலவசக் கணக்கு வேண்டும். கணக்கு மட்டும் போதாது. அந்தத் தரவுக் களஞ்சியத்துக்கு உங்கள் பக்கத்தில் அனுமதியும் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் நிரல் வழியாக எடுத்தால் கோப்பு வந்து சேரும், பெயரும் சரியாக இருக்கும், திறக்கத்தான் மறுக்கும். அளவைப் பாருங்கள். சில கிலோபைட்தான் என்றால் உள்ளே இருப்பது உள்நுழைவுப் பக்கம்.

ஐமெர்க்கில் மூன்று பொறிகள். ஒன்று, அரைமணிக் கோப்பில் உள்ளது மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்ற வீதம். அரை மணிக்கு எவ்வளவு பெய்தது என்று அறிய 0.5 ஆல் பெருக்கவேண்டும். மறந்தால் புயல் மழை இரட்டிப்பாகும். பன்னிரண்டு தூண் சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் வடிவம் மாறாது, உயரம்தான் மாறும். இரண்டு, எண்கள் நேரம், நெட்டாங்கு, அகலாங்கு என்ற ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. வெறும் படமாக வரைந்தால் தீவு பக்கவாட்டில் படுத்திருக்கும். அச்சுகளின் பெயரைச் சொல்லி வரைந்தால் நிமிர்ந்துவிடும். மூன்று, நேரம். கோப்பின் நாள் கிரீன்விச் நேரத்தில் நள்ளிரவுக்குத் தொடங்குகிறது. நமக்கு அது காலை 5.30. மழைமானியை வாசிப்பது காலை 8.30 க்கு, அதாவது கிரீன்விச்சில் 3 மணி. எனவே நாளாந்தக் கோப்பை மழைமானியோடு அப்படியே ஒப்பிட்டால் மூன்று மணி நேரம் விலகி நிற்கும். இரவு முழுக்கப் பெய்து விடிகாலையில் ஓய்ந்த மழைக்கு இந்த மூன்று மணி பெரிய வித்தியாசம். கிரீன்விச் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை 48 அரைமணிக் கோப்புகளை எடுத்துக் கூட்டுங்கள். குறிப்பேட்டில் அந்த 24 மணி நேரம் எந்தத் திகதியில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியும் எண்கள் பொருந்தாது. ஐமெர்க்கின் ஒரு கட்டம் 120 சதுரக் கிலோமீற்றருக்கு மேல். மழைமானியின் வாய் கையகலம். மூதூரில் கொட்டும்போது கிண்ணியாவில் தூறாத நாட்கள் உண்டு. சிர்ப்ஸை மாத மொத்தத்தில் ஒப்பிடுங்கள். ஆனால் நல்ல பொருத்தம் வந்தால் கைதட்டுமுன், அந்த மழைமானியே சிர்ப்ஸுக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அது தன் விடைத்தாளைத் தானே திருத்தியது போல.

கடலைப் பற்றிக் கேட்கும் நண்பர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா தரும் நாளாந்தக் கடல் வெப்பநிலை 1981 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. அதன் கட்டம் 0.25 பாகை, 27 கிலோமீற்றர். குடாவுக்குள் பார்க்க அது உதவாது. நிலாவெளிக்கு எதிரே புறாமலைப் பவளங்களுக்கு, அதே நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்புத் திட்டத்தின் 5 கிலோமீற்றர் தரவை எடுங்கள். வெப்பம் எவ்வளவு கூடியது, எத்தனை வாரம் நீடித்தது என்பதைச் சேர்த்துப் பாகை-வாரம் என்று கணக்கிடுகிறார்கள். 4 ஐத் தொட்டால் வெளிறல் எதிர்பார்க்கப்படும். 8 ஐத் தாண்டினால் கடுமையான வெளிறலும் இறப்பும்.

கடைசியாக ஒரு வேலை ஒழுங்கு. சி.டி.ஓ.வில் செய்யும் ஒவ்வொரு கட்டளையும் வெளிவரும் கோப்பின் தலைப்பிலேயே திகதியோடு பதிந்துவிடும். எக்ஸ்அரே பொதுவாக அப்படிச் செய்யாது. எனவே சேமிக்குமுன் எந்தப் பதிப்பின் தரவு, எந்தப் பெட்டி, எந்த ஆண்டுகளின் சராசரி, அலகு எது என்ற நான்கையும் கோப்பின் பண்புகளில் நீங்களே எழுதுங்கள். விவசாய அலுவலகத்துக்கு அனுப்பும் அட்டவணையில் முதல் வரியிலும் அதையே போடுங்கள். கேள்விகள் இருந்தால் மடிக்கணினியோடு முன்னால் வாருங்கள், உங்கள் கோப்பையே திறந்து பார்ப்போம்.