மெக்கானிக் அண்ணாச்சி

நேயர்களுக்கு வணக்கம். நான் ராஜபாளையத்தில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மறைந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், தலைவர், புலவர், யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வானொலி நிலையத்தில் சொன்னார்கள். நான் ஒரு டூவீலர் மெக்கானிக்கை எடுத்துக்கொண்டேன்.

ஊரில் எல்லோருக்கும் அவன் மெக்கானிக் அண்ணாச்சி. அந்தப் பேரே இங்கேயும் இருக்கட்டும். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. வானொலியில் மரியாதையாக ‘அவர்’ என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன், நாக்கு வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தை மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

எங்கள் ஊர் மில் ஊர். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து சங்குச் சத்தத்துக்கு எழுந்து பழகிய ஊர். காலை ஷிப்டுக்குப் போகிறவன் வண்டி நடுரோட்டில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. அதனால் இவன் விடியும் முன்பே பட்டறையைத் திறந்துவிடுவான். அந்த நேரத்தில் வருகிற வண்டிக்குப் பெரிய வேலை எதுவும் பார்க்க மாட்டான். பிளக்கைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் போடுவான், பாயிண்டில் உப்புத்தாள் விடுவான், வண்டி மில் வாசல் வரைக்கும் ஓடினால் போதும். “சாயங்காலம் கொண்டா, மிச்சத்தைப் பார்ப்போம்” என்பான். காசும் சாயங்காலம்தான். சாயங்காலம் வராதவர்களும் உண்டு. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவன் மனைவிதான் எடுத்துக்கொண்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்ததல்லவா? அதற்குப் பிறகு எங்கள் பக்கம் சைக்கிளில் போனவர்களெல்லாம் அதற்கு மாறினார்கள். பால்காரர், காய்கறிக்காரர், கடைசியில் தபால்காரன் நானும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி. ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சைலன்சருக்குள் கரி கட்டிக்கொள்ளும், மேடு ஏறாது. வண்டி செத்துப்போச்சு, இன்ஜின் வேலை இருக்கு என்று பயந்துகொண்டு வருவார்கள். இவன் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் வாட்டித் தட்டி, உதிர்ந்த கரியை ஒரு காகிதத்தில் கொட்டிக் காட்டுவான். “இதுதான் உங்க இன்ஜின் வேலை” என்பான். அவ்வளவு லேசாக ஆயிரம் ரூபாயைக் கைவிடுகிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பட்டறையில் கொடைக்கானல் பண்பலை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது வண்டிக்குள் புதுச் சத்தம் என்றால் மட்டும் ரேடியோவை அணைத்துவிடுவான். அப்புறம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொள்வான். டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். முதலில் ஹெட், அப்புறம் பிளாக், அப்புறம் கிளட்ச் பக்கம் என்று இடம் மாற்றி மாற்றி வைப்பான். கண்ணை மூட மாட்டான், பல்லைக் கடித்துக்கொள்வான். “டேப்பெட்டு இல்ல, டைமிங் செயின்” என்று சொல்லிவிட்டால் திறந்து பார்க்கும்போது அதுவாகத்தான் இருக்கும். என்னையும் ஒரு தடவை கேட்கச் சொன்னான். எனக்குக் கேட்டதெல்லாம் கடகட கடகடதான்.

இப்படிக் காதை வைத்தே பிழைத்தவன் வளர்த்தது காது கேட்காத ஒரு நாயை.

ராஜபாளையம் நாய் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனது. 2005 ஜனவரியில் தபால் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நான்கில் ஒன்று எங்கள் ஊர் நாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள். அந்தத் தபால்தலை ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். “இது யார் வீட்டு நாய்?” என்று கேட்டான். கிண்டலுக்கில்லை, நிஜமாகவே கேட்டான்.

அந்த வெள்ளை நிறத்துக்கு ஒரு விலை உண்டு. நிறத்தைத் தருகிற செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடும். இந்த இனத்தில் அப்படிச் செவிட்டுக் குட்டிகள் விழுவது உண்டு. சாதிநாய் வாங்க வருகிறவர் கையைத் தட்டிப் பார்ப்பார், குட்டி திரும்பாது, அவ்வளவுதான். வளர்ப்பவருக்கு அது வெறும் செலவு. சிலர் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அப்படி வேண்டாமென்று கழித்துவிட்ட குட்டி ஒன்றைத்தான் இவன் தூக்கி வந்தான். மணி என்று பேர் வைத்தான். செவிட்டு நாய்க்கு மணியா என்று ஊரே சிரித்தது, அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பட்டறையில் அந்த நாயை வைத்திருப்பது சாதாரண வேலையில்லை. நாய்க்கு நிழல் வேண்டும், நிழல் வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது. மற்ற நாயென்றால் கிக்கரை உதைத்ததும் எழுந்து ஓடிவிடும். மணி படுத்தே கிடக்கும். அதனால் பட்டறையில் ஒரு சட்டம் போட்டான். யாரும் வண்டியை உதைக்கும் முன்னால் “மணி எங்கே?” என்று சத்தமாகக் கேட்க வேண்டும், மற்றவன் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கும் இதே சட்டம்தான். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் புல்லட்டில் உட்கார்ந்துகொண்டு “மணி எங்கேப்பா?” என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். நாயைக் கூப்பிட வேண்டுமென்றால் சுத்தியலால் சிமெண்டுத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதிர்வு வயிற்றில் பட்டு மணி தலையைத் தூக்கும். கையை உயர்த்தினால் வரும், உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும்.

நாய்ப்பிரியன் என்றால் நாய் என்ன செய்தாலும் வக்காலத்து வாங்குவான் என்று நினைக்கலாம். இவன் அப்படியில்லை. தபால்காரனுக்கும் நாய்க்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரியும். ஒரு முறை ஒரு சந்தில் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது ஒரு செவலை நாய். நேராகப் பட்டறைக்குப் போனேன். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கலாம் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். அவன் எல்லோரையும் விலக்கிவிட்டு, குழாயடியில் என்னை உட்கார வைத்து, கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினான். போதும்டா என்றாலும் விடவில்லை. அப்புறம் பெரியாஸ்பத்திரி. முதல் நாள் ஊசி, பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ஒவ்வொரு முறையும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வரிசையில் கூட நின்றான். நான் வராமல் இருந்துவிடுவேன் என்ற சந்தேகம். சந்தேகம் சரிதான், ஏனென்றால் கடைசி ஊசிக்குள் காயம் ஆறி, எனக்கே மறந்திருந்தது. ரேபிஸ் வந்து தொண்டை இழுக்க ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை, நேயர்களே. ஊசியை விடாதீர்கள்.

அந்தச் செவலையைப் பத்து நாள் தன் பட்டறை ஓரத்தில் கட்டிவைத்துச் சோறு போட்டுக் கவனித்தான். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஒன்றுமில்லை என்றான பிறகு தடுப்பூசி, கருத்தடை எல்லாம் செய்து, பிடித்த அதே சந்தில் கொண்டுபோய் விட்டான். அப்போதைய சட்டமும் அப்படித்தான் சொன்னது. எனக்குத்தான் கோபம், அது நான் தினமும் தபால் கொடுக்கப் போகிற சந்து. “சோறு போடுறவன் ஊசியும் போடணும். ஊசி போடாம பிஸ்கட்டு மட்டும் போடுறவனப் பார்த்தா எனக்கே பிடிக்கலடா” என்றான். தெருநாய்ச் சண்டை இன்றைக்கு ஊருக்கு ஊர் நடக்கிறது. இரண்டு பக்கமும் கத்துகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது.

2020 கொரோனா ஊரடங்கில் ஓட்டல்களெல்லாம் மூடிக் கிடந்தன. இலை விழுந்தால்தானே தெருநாய்க்குச் சோறு? இவன் வீட்டில் பெரிய சட்டியில் பொங்கி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனான். வழியில் நின்ற ஆஸ்பத்திரி நர்ஸ் வண்டி, போலீஸ்காரர் வண்டி எல்லாம் அங்கேயே சரிசெய்து கொடுத்தான். அதே வருஷம் ஏப்ரலில்தான் பி.எஸ். 6 என்கிற புதுப் புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகளும் வந்தன. கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வந்தது. சென்சார், ஸ்கேனர் என்று வேறு உலகம். இவன் வயதுக்காரர்கள் பலர் பட்டறையை மூடிவிட்டுப் போனார்கள். இவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஐ.டி.ஐ. முடித்து இவனிடம் வேலை பழகிய பையனையே வாத்தியாராக்கிக்கொண்டான். கடை மூடிய பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்கேனரில் வருகிற பழுதுக் குறியீடுகளை நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வான். பத்தாம் வகுப்பில் இவன் ஒரு பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை!

இறுதி ஊர்வலத்தில் ஊர் நாய்களெல்லாம் பின்னாலேயே வந்தன என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுகூட வரவில்லை. வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து எல்லாம் ஓடிவிட்டன. மணி மட்டும் வேட்டு, மேளம் எதையும் சட்டை செய்யாமல் ஷாமியானாவுக்கடியில் ஆட்கள் காலுக்குள் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு யாராவது பிஸ்கட் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பட்டறையை இப்போது அந்தப் பையன்தான் நடத்துகிறான். மணியும் அங்கேதான். போன வாரம் என் வண்டிக்கு ஆயில் மாற்றப் போனேன். வேலையை முடித்துவிட்டுப் பையன் ஒரு பில்லை நீட்டினான். ஆயிலுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி என்னிடம் கூலி வாங்கியதே கிடையாது. எல்லோருக்கும் பில் போடுடா, இல்லாவிட்டால் கடை ஓடாது என்று அவனிடம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவனும் நான்தான். ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு ரூபாய் சில்லறை பாக்கி வைத்திருக்கிறான் பையன், அடுத்த தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். வணக்கம்.