யாரையும் தெரியாத வீட்டுக்கு ரெக் லெட்டர் எங்கிருந்து வரும்?

வணக்கம் மக்களே. ஏப்ரல் வந்துவிட்டது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் எந்தக் கல்லூரி என்று ஓரளவு முடிவு செய்திருப்பார்கள். அதனால் எனக்கு வருகிற மெசேஜும் மாறிவிட்டது. "அக்கா, பொண்ணு அலபாமா போறா, சொராரிட்டி ரஷ் போகணும்னு நிக்கிறா, ரெக் லெட்டர் வேணுமாம், நமக்கு இங்க யாரைத் தெரியும்?" சொராரிட்டி என்றால் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் மட்டும் சேருகிற அமைப்பு, அங்கே ஒவ்வொன்றையும் வீடு என்பார்கள். ரஷ் என்றால் அதற்கு ஆள் சேர்ப்பது, ரெக் லெட்டர் என்றால் சிபாரிசுக் கடிதம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். என் மகள் போன வருஷம் இதே வழியாகப் போய் வந்தவள். பார்த்ததைச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்டில் டிக்டாக்கில் பாமா ரஷ் (பாமா என்றால் அலபாமா) என்று ஓடியதே, பெண்கள் தினம் ஒரு டிரஸ் போட்டுக்கொண்டு எது எங்கே வாங்கியது என்று சொல்வார்களே, அதுதான் ரஷ். வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்டில், வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களும் சில பெண்களைக் கழிப்பார்கள், நம் பெண்ணும் சில வீடுகளைக் கழிப்பாள். கடைசி நாள் பிட் டே. எந்த வீடு அழைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறையைப் பிரிப்பார்கள்.

ரெக் என்றால், அந்த அமைப்பில் முன்பு உறுப்பினராக இருந்த ஒரு பெண், அதாவது அலும்னா, "இந்தப் பெண் நல்லவள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தன் அமைப்புக்கே எழுதித் தருவது. இப்போது பெரும்பாலும் ஆன்லைன் படிவம்தான். அவர் அந்த அமைப்பின் தேசிய இணையதளத்தில் உள்ளே போய் நிரப்புவார், அது நேராக அந்தக் கல்லூரிக் கிளைக்குப் போய்விடும். நம் கைக்கு வராது, நாம் படிக்கவும் முடியாது. என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "வரனுக்கு ஜாதகம் அனுப்புற மாதிரி இருக்கே" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

சரி, இது கட்டாயமா? கட்டாயம் இல்லை. பல தேசிய அமைப்புகள் இப்போது ரெக் தேவையில்லை என்று அறிவித்துவிட்டன. அம்மா, பாட்டி உறுப்பினராக இருந்தால் மகளுக்கோ பேத்திக்கோ முன்னுரிமை தருகிற லெகசி வழக்கத்தையும் 2020 வாக்கில் பல அமைப்புகள் எடுத்துவிட்டன. வடக்கிலோ மேற்கிலோ உள்ள கல்லூரி என்றால் இந்த வீடியோவை இங்கேயே மூடிவிட்டு நிம்மதியாக இருங்கள். தெற்கே அலபாமா, ஓல் மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழகம், ஆபர்ன், டெக்சஸ் பக்கம் என்றால், கட்டாயம் இல்லை என்றாலும் கிடைத்தால் நல்லது. ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு பெயரை யாராவது முன்பே பார்த்திருப்பது கொஞ்சம் உதவும். அவ்வளவுதான், அதற்கு மேல் உத்தரவாதம் எதுவும் கிடையாது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான தி கிரிம்சன் ஒயிட் ஒரு கட்டுரை போட்டது. நல்ல மதிப்பெண், நல்ல குடும்பம், எல்லாம் இருந்தும் ஒரு கறுப்பின மாணவியை எந்த வீடும் எடுக்கவில்லை. உள்ளே இருந்த மாணவிகளே வாய் திறந்தார்கள்: நாங்கள் எடுக்க நினைத்தோம், அலும்னாக்கள் தடுத்தார்கள் என்று. ரெக் லெட்டர் சரியாக இல்லை என்பதும் அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது. மாணவர்களும் பேராசிரியர்களும் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்க வைத்தார். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் அலும்னாவைத் தெரியும். அப்படியானால் அந்தக் கடிதம் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நம் வீட்டுப் பெண்ணிடம் ரெக் இல்லை என்றால் அவளிடம் குறை இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது எப்படித் தேடுவது? முதலில், நமக்கு யாரையும் தெரியாது என்பதே சரியில்லை. நாம் கேட்டதில்லை, அவ்வளவுதான். பள்ளி கவுன்சிலர், பல் டாக்டர் ஆபீஸில் இருக்கும் அம்மா, நீச்சல் கோச், பழைய மூன்றாம் வகுப்பு டீச்சர், கணவருடைய மேனேஜரின் மனைவி. தெற்கே படித்த பெண்கள் என்றால் இவர்களில் யாராவது ஒரு சொராரிட்டியில் இருந்திருக்கலாம். எந்தக் கல்லூரியில் இருந்தார், எந்த வருஷம் முடித்தார் என்பது முக்கியமில்லை. 1985ல் ஒக்லஹோமாவில் சேர்ந்தவர் இன்று அலபாமா கிளைக்கு எழுதலாம்.

சொராரிட்டிகளின் பெயரே கிரேக்க எழுத்துகள்தான். எங்கள் எதிர் வீட்டு அம்மா காரின் நம்பர் பிளேட்டைச் சுற்றிய ஃபிரேமில் மூன்று கிரேக்க எழுத்து இருக்கும். வருஷக்கணக்காக அதைத் தாண்டித்தான் நடந்து போகிறோம், கவனித்ததே இல்லை. மகள் போய்க் கேட்டாள். அவர் சமையலறை மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்து, உறுப்பினர் எண் எங்கே எழுதி வைத்தேன் என்று ஒரு பழைய டயரியைப் புரட்டித் தேடி, படிவத்தைத் திறந்தார். இவளை எத்தனை வருஷமாகத் தெரியும், படிப்பு எப்படி, பொறுப்பு எடுத்து நடத்தியது என்ன, குணம் எப்படி. ஒவ்வொன்றுக்கும் மகளையே கேட்டுக் கேட்டு எழுதினார். பக்கத்து வீட்டு நாயைக் கோடை விடுமுறையில் பார்த்துக்கொண்டாளே, அதைப் பொறுப்பு என்ற இடத்தில் போட்டார். நமக்குத் தோன்றியிருக்குமா?

கவனித்தீர்களா, மகள் போய்க் கேட்டாள் என்றேன். அம்மாக்கள் போய்க் கேட்காதீர்கள். தயவுசெய்து.

அக்கம் பக்கத்தில் ஒருவரும் சிக்கவில்லை என்றால், டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா மாதிரி ஊர்களில் அலும்னா பான்ஹெலெனிக் சங்கங்கள் இருக்கின்றன. பல அமைப்புகளின் முன்னாள் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துவது. நம் பெண்ணின் விவரத்தைக் கொடுத்தால், எழுதத் தயாராக இருப்பவரைச் சேர்த்துவிடுவார்கள். ஊருக்கு ஊர் கடைசித் தேதி மாறும், அதனால் வசந்த காலத்திலேயே பாருங்கள். ஜூலையில் ஓடினால் ஆள் கிடைக்காது. ஒரு வீட்டுக்கு ஒரு ரெக் போதும். பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டுகிறேன் என்று வருகிற கன்சல்டண்ட்களும் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எழுதுகிறவர் கையில் கொடுக்க ஒரு பக்க ரெஸ்யூமே, முகம் தெளிவாகத் தெரியும் ஒரு போட்டோ, மதிப்பெண் விவரம் வேண்டும். ரெஸ்யூமேயில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "அரங்கேற்றம், 2023" என்று மட்டும் எழுதினால் டெக்சஸ்காரருக்கு ஒன்றும் புரியாது. பத்து வருஷப் பயிற்சி, இரண்டரை மணி நேரத் தனி மேடை நிகழ்ச்சி, நேரடி இசைக் குழு என்று விரித்து எழுதுங்கள். அப்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தது சேவை நேரம்தான், மணிக்கணக்கோடு போடுங்கள். பொங்கல் விழாவில் சாப்பாட்டுக் கடைக் கணக்கு பார்த்தாளா? அதுவும் வேலைதான். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் மாதிரி எதையும் எந்தப் படிவத்திலும் போடாதீர்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் ரஷ் மட்டும்தான் உலகம் இல்லை. டெல்டா ஃபை ஒமேகா, காப்பா ஃபை காமா இரண்டும் 1998ல் டெக்சஸில் தெற்காசியப் பெண்கள் தொடங்கியவை. கமலா ஹாரிஸ் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908ல் கறுப்பினப் பெண்கள் தொடங்கியது. அம்மா சென்னைக்காரர், பொண்ணு அங்கே சேர்ந்தார். இவற்றின் சேர்க்கை முறையே வேறு, அந்தந்தக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிட் டே முடிந்ததும், எழுதிக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய நன்றி அட்டை போக வேண்டும், அவருடைய சொராரிட்டி கிடைக்காவிட்டாலும். பரிசு, பணம் எதுவும் வேண்டாம். எங்கள் எதிர் வீட்டு அம்மாவின் சொராரிட்டி என் மகளுக்குக் கிடைக்கவில்லை, வேறு சொராரிட்டியில் இருக்கிறாள். அட்டையோடு முறுக்கும் கொடுத்தாள், அதைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரஷ் வாரச் செலவு, டிரஸ் எல்லாம் அடுத்த வீடியோவில். வருகிறேன்.