பிகே வைரஸும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும்: கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் கட்டாயம் பாருங்கள்

வணக்கம். கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான் இந்த வீடியோ. மற்றவர்களும் பாருங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போகும் வைரஸ் அநேகமாக உங்கள் உடம்பிலும் இருக்கிறது.

அதன் பெயர் பிகே. 1971இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். சூடான் நாட்டுக்காரர் ஒருவருக்குக் கிட்னி மாற்றியிருந்தார்கள். பிறகு சிறுநீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது. அவருடைய சிறுநீரில் சில்வியா கார்ட்னர் குழுவினர் புது வைரஸ் ஒன்றைப் பார்த்தார்கள். அந்த நோயாளியின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்துவிட்டார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இது சின்ன வயதிலேயே தொற்றிவிடுகிறது. தொற்றியதே தெரியாது. அப்புறம் கிட்னியிலும் சிறுநீர்ப் பாதையிலும் அடங்கிக் கிடக்கும். நம் எதிர்ப்பு சக்தி அதைத் தலைதூக்க விடாது.

கிட்னி மாற்றியவர்களின் நிலைமை வேறு. புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் என்று எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் பிகே எழுந்துகொள்ளும்.

நான் லேபில் சிறுநீர் ஸ்லைடு பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இந்த வைரஸ் பெருகிய செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் திக்கென்று இருக்கும். உட்கரு வீங்கி செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே தெளிவே இருக்காது, மங்கலான கண்ணாடி மாதிரி ஒரே கருநீலம். அசப்பில் புற்றுநோய் செல்தான். அதனால்தான் இதற்கு டிகாய் செல் என்று பெயர், ஆளை ஏமாற்றும் செல். இது புற்றுநோய் இல்லை. ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள்.

சரி, அப்படியென்றால் இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லையா? இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. கிட்னி மாற்றியவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. உறுப்பு மாற்று செய்துகொண்ட 43 பேரின் சிறுநீர்ப்பைக் கட்டிகளை அலசி 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 9 கட்டிகளில் பிகே வைரஸின் மரபணு இருந்தது. பெரும்பாலானவற்றில் அது செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மக்களின் கட்டிகளிலோ வைரஸ் மிக அரிதாகத்தான் கிடைக்கிறது. அதனால் வைரஸுக்குப் பங்கில்லை என்றே பலர் நினைத்தார்கள்.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார்கள். வைரஸ் நுழைந்தால் அதை அழிக்க நம் செல்லே அபோபெக் என்ற நொதிகளை உண்டாக்கும். வைரஸின் மரபணு எழுத்துகளைத் திருத்தி அதைச் செல்லாக்காசாக்குவதுதான் அவற்றின் வேலை. அந்த வேகத்தில் நம் சொந்த டிஎன்ஏவிலும் கை வைத்துவிடுகின்றன. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் அதிகமாகக் காணப்படும் டிஎன்ஏ தழும்பு இந்த அபோபெக் போட்டதுதான். மனிதச் சிறுநீர்ப்பாதையின் உள்தோல் செல்களை வளர்த்து அவற்றில் பிகே வைரஸைத் தொற்ற வைத்தபோது அதே வகைச் சேதம் ஏற்பட்டதை 2022இல் வெளியிட்டார்கள். அதாவது, இடித்துவிட்டு நிற்காமல் போன லாரி மாதிரி, பல வருடம் கழித்துக் கட்டி வரும்போது வைரஸ் அந்த இடத்திலேயே இருக்காது.

எனக்கு இது மிகவும் நியாயமான விளக்கமாகப் படுகிறது. ஆனாலும் ஆய்வகச் செல்லில் நடந்தது மனித உடம்பில் முப்பது வருடத்தில் அப்படியே நடக்கிறது என்பதற்கு இன்னும் நிரூபணம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் பிகே வைரஸைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில்தான் வைத்தது. சந்தேகமே இல்லாத காரணம் புகையிலை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பாதி அளவுக்கு அதுதான் பொறுப்பு. பீடியும் அதில் சேர்த்தி.

கிட்னி மாற்றியவர்கள் செய்ய வேண்டியது இதுதான். முதல் சில மாதங்களில் ரத்தத்தில் பிகே பிசிஆர் டெஸ்ட் அடிக்கடி எடுப்பார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிகே வைரஸிடமிருந்து புதுக் கிட்னியைக் காப்பாற்றவே அந்த டெஸ்ட். சிறுநீர் சிவப்பாகவோ டீ டிக்காஷன் நிறத்திலோ போனால், வலியே இல்லாவிட்டாலும், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வலியில்லாத ரத்தம்தான் இந்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அடிக்கடி வருகிறது. ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீடியோ பார்த்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வைரஸ் ஏறினால் டோஸைக் குறைப்பதுதான் சிகிச்சை, உண்மைதான். எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், ரத்தத்தில் வைரஸும் மருந்தும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்வார். கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தாலும் கிட்னியே கைவிட்டுப் போகலாம்.