சாமானியரை வரைந்த கை எழுதிய உரைநடை

அவையோர் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ஆர். கே. லக்ஷ்மண் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக, 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழின் கேலிச்சித்திரங்களில் வாய் திறவாமல் நின்ற அந்தச் சாமானியர்தான். அவரை வரைந்த கை எழுதிய உரைநடையைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அண்ணன் ஆர். கே. நாராயண் பெரிய எழுத்தாளர். தம்பியைப் படம் போடுகிறவர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம். இருவர் பெயரிலும் முதலில் நிற்கும் எழுத்து நம் ராசிபுரத்தைக் குறிப்பது என்பதை இவ்விடத்தில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறேன்.

அந்தக் கேலிச்சித்திரங்களின் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம். அதைப் பேசுகிறவர் அமைச்சராகவோ அதிகாரியாகவோ இருப்பார். தாம் சொல்வதில் சிரிக்க ஏதுமில்லை என்று மனதார நம்பியே பேசுவார். சொல்லுக்கும் அவர் பின்னால் தெரியும் குண்டும் குழியுமான தெருவுக்கும் இடையில்தான் நகைச்சுவை பிறக்கிறது. நாள்தோறும் இப்படி ஒற்றை வாக்கியத்தைச் செதுக்கிச் செதுக்கிப் பழகிய ஒருவர் பக்கம் பக்கமாக எழுத உட்காரும்போதும் குரலை உயர்த்துவதில்லை; கண்டதைக் கண்டபடி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

1998இல் வெளிவந்த ‘தி டனல் ஆஃப் டைம்’ என்னும் தன்வரலாற்றில், மைசூர் வீட்டின் சன்னல் வழியே தாம் பார்த்து வரைந்தவற்றைச் சொல்லிக்கொண்டு போகிறார்: காய்ந்த குச்சிகள், இலைகள், ஊர்ந்து செல்லும் பல்லி போன்ற பிராணிகள், விறகு பிளக்கும் வேலையாள், எதிர்வீட்டுக் கூரைகளில் விதவிதமாக உட்கார்ந்திருக்கும் காகங்கள். அந்தச் சன்னலுக்கு வெளியே பெரியது சிறியது என்ற பேதமே இல்லை. நாம் துரத்திவிடும் காகத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சலிக்காமல் வரைந்தார். நாம் பெயர்கூடக் கேளாமல் வேலை வாங்கும் மனிதரையும் அதே வாஞ்சையோடுதான் பார்த்தார். அதனால்தான் அவரைப் படித்துச் சிரிக்கும்போது யாரையும் புண்படுத்திவிட்டோம் என்ற உறுத்தல் நமக்கு வருவதில்லை.

விறகு பிளந்த அந்த வேலையாளை அவர் மறக்கவேயில்லை என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. எழுபது வயதைக் கடந்த பிறகு, வீட்டுவேலை செய்வோரைப் பற்றியே ஒரு முழு நூலை எழுதினார்.