எல்லையில் நின்றுவிடும் தண்ணீர்

அவைத் தலைவர் அவர்களே, எல்லைக்கு இரு பக்கமிருந்தும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தீயணைப்புத் துறைப் பெரியோர்களே, போக்குவரத்து ஆணையர் அவர்களே, சுங்கத்துறை நண்பர்களே, இரவெல்லாம் டேங்கர் ஓட்டிவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் ஓட்டுநர் சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

எல்லையோரத்தில் டேங்கர் விபத்தோ தீயோ நேர்ந்தால் பக்கத்து நாடு உதவிக்கு வருவது பற்றி, சட்டம், மொழி, கருவி என்று மூன்றைப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்.

முதலில் சட்டம். தொழிற்சாலை விபத்தின் பாதிப்பு எல்லை தாண்டுவதைப் பற்றி 1992இல் ஹெல்சிங்கியில் ஓர் உடன்படிக்கை உருவானது. சாலை, ரயில் விபத்துகளைப் பொதுவாக அது சேர்க்கவில்லை. ஆனால் அந்த விபத்துகளில் செய்ய வேண்டிய அவசர உதவியை மட்டும் விடாமல் சேர்த்துக்கொண்டது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியுமா?

அடுத்தது மொழி. டேங்கரின் ஆரஞ்சுப் பலகையில் கீழே 1203 என்றிருந்தால் உள்ளே பெட்ரோல். அந்த நான்கு இலக்க ஐ.நா. எண்ணுக்கு எந்த நாட்டிலும் அதே பொருள்தான். பல நாடுகளில் அதற்கு மேலே இன்னோர் எண்ணும் இருக்கும். அதன் முன்னால் எக்ஸ் எழுத்து இருந்தால், தண்ணீர் பட்டால் ஆபத்து. உதவிக்கு ஓடி வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, கருவிக்கு வருகிறேன். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிகிறது. உதவி கேட்டுச் செய்தி போகிறது. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு எஞ்சின்களை ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள், குழாய் வந்துவிட்டது, தெருவில் தண்ணீரும் இருக்கிறது. குழாயைப் பூட்டப் போனால் பூட்டவில்லை! இந்த ஊர்க் குழாயின் திருகு மரை வேறு, அந்த ஊர் மரை வேறு. பிலடெல்பியாவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதி. ஒரே நாடு, ஒரே மொழி, பக்கத்து ஊர்க்காரர்கள். கையில் குழாயோடு நிற்கிறார்கள், எதிரே நெருப்பு. முப்பது மணி நேரம் எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அப்புறம்தான் பொது அளவு ஒன்றை வகுத்தார்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டிய கதை இதுதான் ஐயா!

இன்றும் நாட்டுக்கு நாடு கப்ளிங், அதாவது குழாயைப் பூட்டும் இணைப்பு, வேறுதான். அதனால்தான் போகிற மேடையெல்லாம் ஒன்றையே கேட்கிறேன்: ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் இரு பக்க அளவுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒரு பெட்டி வையுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற உலோக வளையம், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் இரவில், இரு தரப்பும் சேர்ந்து பயிற்சி செய்யுங்கள். உதவிக்கு வரும் வண்டியைச் சுங்கத்தில் நிறுத்தாமல் விட ஒரே ஒரு படிவம் போதும். இழப்பீடு, செலவுப் பங்கீடு பற்றியும் சொல்ல வேண்டும், நேரமில்லை.

மண்டப வாசலில் இரண்டு பக்க வண்டிகளும் நிற்கின்றன. இடைவேளையில் அதிகாரிகள் இருவரும் வந்து, இந்தக் குழாயை அந்த வண்டியில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். நான் அங்கேதான் நிற்பேன்.