யானைக்குச் சாயம் பூசாதீர்

விழாவுக்குத் தலைமை தாங்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்தக் கூடத்தைத் தந்த நூலக இயக்குநர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பேராசிரியர் ஐயா அவர்களே, சுண்டல் கிண்டிக்கொண்டே காது கொடுக்கும் சமையற்கட்டு நண்பர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். இயக்குநர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். தமிழ் தெரிந்த பலர் எனக்கு அதுகூடச் செய்ததில்லை. பேராசிரியர் ஐயா, இந்தப் பொன்னாடையைச் சைக்கிள் துடைக்க எடுக்க மாட்டேன். என் மனைவி சாட்சி.

அழைப்பிதழில் மூன்று தலைப்புகள் போட்டிருக்கிறார்கள். பழைய அமெரிக்கச் சைக்கிள், பழைய கார், மூன்றாவதாக விலைப்பட்டியல், விளம்பரப் பலகை மாதிரித் துணைப் பொருள்கள். மூன்றையும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். என் ஆத்தா அடிக்கடி சொல்வது. துருப்பிடித்து நிற்கும் பழைய சைக்கிளும் அந்த யானைதான்.

நம்மில் பாதிப் பேர் ஊரில் வாடகைச் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர்கள். அது ஆங்கிலேயர் வழி வந்த வண்டி. ஒல்லி டயர், கம்பி பிரேக், கறுப்பு நிறம், பின்னால் மூட்டை வைக்கக் கேரியர். வேலைக்குப் போகும் பெரியவருக்குச் செய்தது. இங்கே அமெரிக்காவில் கதை வேறு. கார் வந்ததும் பெரியவர்கள் சைக்கிளை விட்டார்கள். மிச்சம் பையன்கள்தான். 1930களில் நாடே பணமில்லாமல் தவித்த நேரத்தில், பையன்கள் கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் மாதிரித் தெரிகிற வண்டியைச் செய்தார்கள். பெட்ரோலே ஊற்றாத பெட்ரோல் டாங்க்! அதற்குள் பேட்டரியும் ஹாரனும். 1933இல் இதே சிகாகோவின் ஷ்வின் கம்பெனி இரண்டே அரைக்கால் அங்குலப் பருமனில் டயர் போட்டு விற்றது. அதற்கு அப்புறம் எல்லாரும் குண்டு டயர்தான். பிரேக்குக்குக் கையில் ஒன்றும் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். முதல்முறை ஓட்டிய நான் பழக்கதோஷத்தில் ஹேண்டில்பாரில் பிரேக்கைத் தேடி, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியில் போய் நின்றேன்.

சரி, இந்த வண்டிகள் ஏன் அரிதாகிவிட்டன? 1942இல் போர்க்காலக் கட்டுப்பாடு வந்தது. சைக்கிள் செய்ய இரண்டு கம்பெனிகளுக்குத்தான் அனுமதி. அவர்கள் செய்ததிலும் டாங்க் கிடையாது, குரோமியப் பளபளப்பு கிடையாது. பழைய இரும்பு சேகரிக்கும் இயக்கம் தெருத்தெருவாக வந்தபோது எத்தனையோ டாங்க் வண்டிகள் உலைக்குப் போயின. மிஞ்சியவை கொட்டகைகளில் தொங்கின.

அப்படித் தொங்கிய ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இது சின்னக் கதைதான்.

இந்தியானாவில் ஒரு விவசாயி. எண்பது வயதிருக்கும். கொட்டகை உத்தரத்தில் ஒரு சைக்கிள், அதன் சீட்டில் ஒரு கோழி. எட்டிப் பார்த்தால் முன்குழாயில் அறைந்த தகட்டில் ஹாதார்ன் என்று இருக்கிறது. மான்ட்கோமரி வார்டு கடைச் சரக்கு. அந்தக் கடை சொந்தமாகச் சைக்கிள் செய்யவில்லை, சியர்ஸ் கடையின் எல்ஜினும் அப்படித்தான். யாரிடமாவது செய்யச் சொல்லித் தங்கள் தகட்டை அறைந்துவிடுவார்கள். செய்தவர் யார் என்பதை நாம்தான் துப்புத் துலக்க வேண்டும். கிழவர் நாற்பது டாலர் என்றார். நான் மதுரைக்காரன். பேரம் பேசாமல் வாங்கினால் ஆத்தா கனவில் வந்து திட்டும். முப்பத்தைந்துக்கு முடித்தேன். அந்தப் பேரத்தில் அரை மணி நேரம் போய் இருட்டிவிட்டது. என் சின்னக் காரில் வண்டி நுழையவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை வேனோடு வருகிறேன் என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை போனேன். கிழவர் வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் சைக்கிள். முழுக்க முழுக்க டிராக்டர் சிவப்பு! சட்டம் சிவப்பு, மட்கார்டு சிவப்பு, செயின் கவர் சிவப்பு, தகடு சிவப்பு, ஸ்போக்ஸ் கம்பி சிவப்பு, டயரிலும் பாதி சிவப்பு. கோழி எச்சம் பட்ட வண்டியைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒரு வாரம் குனிந்து நிமிர்ந்து பூசியிருக்கிறார். நான் வாயடைத்து நின்றேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு என் தோளில் தட்டி, “பெயின்டுக்குக் காசு வேண்டாம் தம்பி” என்கிற அர்த்தத்தில் கையை ஆட்டினார். ஐந்து டாலர் பேரத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை! யானை இறந்தாலும் ஆயிரம் பொன், சரிதான். தந்தத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்தால் எத்தனை பொன் என்று ஆத்தா சொல்லவில்லையே!

ஒரு குளிர்காலம் முழுக்க நிலவறையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பை எடுத்தேன். தொழிற்சாலைப் பெயின்ட் சூளையில் சுட்டது, கெட்டி. மேலே பூசியது காற்றில் உலர்ந்தது, சீக்கிரம் இளகும். பஞ்சில் கரைப்பானை நனைத்து ஒற்றி, நகத்தளவு நகத்தளவாகத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டால் அடியில் இருப்பதும் போய்விடும். மாசி மாதம் டாங்கில் தந்தநிறக் கோடு ஒன்று தெரிந்தது. கையால் இழுத்த கோடு. கொஞ்சம் நடுங்கியிருந்தது. பின்சக்கரத்தில் மாரோ என்ற பெயருள்ள பெடல் பிரேக், அதன் மேல் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். அதை வைத்து எந்த ஆண்டில் எந்தக் காலாண்டில் செய்தது என்று சொல்லிவிடலாம். செயின் கவரில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகளும் இருந்தன. கிழவருக்குப் போன் போட்டேன். “என் அண்ணன் கீறியது. அது உனக்கு அசிங்கமாக இருக்குமே என்றுதான் அங்கே மட்டும் இரண்டு கை பூசினேன்” என்றார்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் கத்துகிறேன்: பூசாதீர்கள், தெரிந்ததை எழுதி வையுங்கள். ஷ்வின் கம்பெனியின் 1948க்கு முந்தைய வண்டி எண் பதிவேடுகள் தீயில் போய்விட்டன. அந்தக் காலத்து வண்டியின் வயதைச் சொல்ல இன்று வண்டியே சாட்சி. மணல் வீசிச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்தால் சாட்சியின் வாயை அடைத்ததுதான்.

பொருள் போகட்டும், ஆளே மறைந்துவிடுகிறாரே. மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் 1899இல் மான்ட்ரியலில் சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனவர். 1932இல் இதே சிகாகோவில் ஏழையாக இறந்தார், ஏழைகளைப் புதைக்கும் இடத்தில் புதைத்தார்கள். 1948இல் பழைய பந்தய வீரர்கள் தேடிக் கண்டுபிடித்து, ஷ்வின் கம்பெனியின் ஃபிராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், நல்ல இடத்துக்கு மாற்றிக் கல்வெட்டும் வைத்தார்கள். யாரோ சிலர் நினைவில் வைத்திருந்ததால் நடந்தது அது. எழுதி வைத்திருந்தால் பதினாறு ஆண்டு ஆகியிருக்குமா?

காருக்கு வருகிறேன். துண்டுச்சீட்டு வந்துவிட்டது, பார்த்துவிட்டேன் ஐயா. அமெரிக்கக் காரும் சைக்கிள் பட்டறையில் பிறந்ததுதான். 1893இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கார் ஓட்டிக் காட்டிய துரியே சகோதரர்கள் சைக்கிள்காரர்கள். ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையை 1937இல் ஹென்றி ஃபோர்டு டேட்டனிலிருந்து பெயர்த்துத் தன் ஊரான டியர்பார்னுக்கே கொண்டுபோனார். ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களை விற்ற மனிதர் அந்தப் பழைய கடையைத் தேடிப் போயிருக்கிறார். கார்க்காரர்களுக்குப் புத்தி முன்பே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் நடக்கும் பழைய கார்ப் போட்டியில் புதுப்பிக்காத வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நம் சைக்கிள்காரர்களில் பலர் இன்னும் பெயின்ட் டப்பாவும் கையுமாக அலைகிறார்கள். காரைப் பற்றி இவ்வளவுதான். விலைப்பட்டியல், விளம்பரப் பலகையை அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம், தலைவர் அழைத்தால்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாசல் மேசையில் இருநூறு அட்டைகள் நூல் கோத்து வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பழைய சைக்கிளோ, அப்பாவின் கடிகாரமோ, அம்மாவின் தையல் இயந்திரமோ, யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, யார் கீறியது என்று நாலு வரி எழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். பேனாவில் வேண்டாம், ஈரம் பட்டால் ஊறிவிடும். பென்சிலில் எழுதுங்கள். இயக்குநர் அம்மையார் அந்த அட்டைக்கு ஒரு பிரதி வாங்கி நூலகத்தில் கோப்பாக வைக்கச் சம்மதித்திருக்கிறார். மேசைக்குப் பக்கத்தில் அந்த ஹாதார்னை நிறுத்தியிருக்கிறேன். ஸ்போக்ஸ் கம்பிகளில் இன்னும் சிவப்பு இருக்கிறது, அதை நான் எடுக்கவில்லை. தொட்டுப் பாருங்கள், குழந்தைகளை ஏற்றி உட்கார வைக்க வேண்டாம். சுண்டல் தயார் என்று கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.