ஃபின்ஜான ஆட்டுனா போதும்னு அர்த்தம்

அஸ்ஸலாமு அலைக்கும். மேடையில இருக்கிற பெரியவங்க, வெளிநாடு போயி உழைச்ச சபுராளி காக்காமார், பின்னாடி நிக்கிற தம்பிமார், திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்மார் எல்லாருக்கும் ஸலாம்.

அரபு நாட்டுப் பணம் அங்க இருக்கிற ஜனங்களோட பண்பாட்ட என்ன செஞ்சுச்சுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. நான் ஆலிம் கிடையாது, 1991ல போயி 24 வருஷம் ஷார்ஜாவுல ஒரே வீட்டுல டிரைவரா இருந்தவன், அந்த வீட்டு வாசல்ல நின்னு பாத்தத வச்சுத்தான் பேசப்போறேன்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு, அதாவது எங்க முதலாளி அர்பாபோட வாப்பாவுக்கு, ரெண்டு காதும் மந்தம். சின்னப் பையனா இருக்கும்போதே முத்துக்குளிக்கிற படகுல ஏறுனவரு, ஆழத்துல முங்கி முங்கி காது போயிடுச்சு. சாயங்காலம் கார்ல கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனா பழசெல்லாம் சொல்லுவாரு, ஜூன்ல கெளம்புனா செப்டம்பர் வரைக்கும் கடல்தான், மூக்குல ஃபித்தாம்னு ஒரு கிளிப்பு, கால்ல கல்லு, கழுத்துல கூடை, மேல கயித்தப் புடிச்சிட்டு நிக்கிற ஸைப் ஒரு நொடி அசந்தான்னா கீழ இருக்கிறவன் மவுத்து. படகுல பாடுறதுக்குன்னே ஒருத்தர் வருவாரு, அவருக்கு நஹ்ஹாம்னு பேரு, அந்தப் பாட்டு இல்லேன்னா துடுப்பு நகராது, பாய் ஏறாது. பெரியவரு எனக்கு ஒரு தடவ பாடிக் காட்டுனாரு, காது கேக்காதவர் பாட்டு, ரொம்ப சத்தமா இருந்துச்சு, பக்கத்துல மீன் புடிச்சிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்லவே மாட்டேன். முத்துக்குளிக்கிறவன் படகுத் தலைவன் நாகூதா கிட்ட கடன் வாங்கித்தான் சீசனுக்கே போவான், வாப்பா செத்தா கடன் மகன் தலையில. அவன் உயிரப் பணயம் வச்சு எடுத்த முத்து பம்பாய்க்குப் போயி அங்கேர்ந்து பாரிஸ், லண்டன்னு போகும். 1912ல பாரிஸ் நகைக்கடைக் குடும்பத்து ஜாக் கார்ட்டியே முத்துக்காக நேரா பஹ்ரைனுக்கே வந்தாரு. ஆடம்பரம்ங்கிறது அப்பவும் இருந்துச்சு, என்ன, எடுத்துக் குடுத்தது இவங்க, கழுத்துல போட்டது வேற யாரோ. அப்புறம் ஜப்பான்காரங்க வளர்ப்பு முத்த எறக்குனாங்க, 1929க்கு அப்புறம் உலகம் பூரா பணமுடை, முத்து வெல தரையில விழுந்துச்சு. முப்பதுகள், நாப்பதுகள்ல பட்டினி. அபுதாபியிலேர்ந்து மொத எண்ணெய்க் கப்பல் போனது 1962ல. அது வரைக்கும் பசியப் பாத்த ஜனம் கையில காசு வந்ததும் வாங்காம என்ன செய்யும்? ஏசியும் ஆஸ்பத்திரியும் கரண்டும் வந்தத யாரு குத்தம் சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு மனசு அடிச்சுக்கிறது வேற இடத்துல. அங்க பண்பாடு அழியலப்பா, பாரு எல்லாரும் அந்த நீள அங்கி கந்தூராதான் போடுறாங்க, அபாயாதான் போடுறாங்க, கையில ராஜாளி வச்சிருக்காங்கன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. கண்ணுக்குத் தெரியறது எல்லாம் இருக்குதான். கையால செஞ்சது போயிடுச்சு. செய்யற விஷயமா இருந்தது பூரா வாங்குற விஷயமா மாறிடுச்சு, இதத்தான் நான் இன்னைக்கு சொல்ல வந்தேன்.

கஹ்வாவையே, அதான் அரபுக் காப்பியையே எடுத்துக்குங்க. பெரியவரு இருந்த வரைக்கும் விருந்தாளிங்க உக்கார்ற மஜ்லிஸ்ல காப்பிக் கொட்டைய வறுக்கிற வாசன வாசலுக்கு வரும், ஏலக்கா போட்டு இறக்கி, எடது கையில தல்லாங்கிற காப்பிக் கூஜா, வலது கையில ஃபின்ஜான்ங்கிற சின்னக் கிண்ணம், கால் கிண்ணத்துக்கு மேல ஊத்த மாட்டாங்க. நெறைய ஊத்துனா குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம், அது விருந்தாளிய அவமதிக்கிறது. நீங்க போதும்னு கிண்ணத்த லேசா ஆட்டுற வரைக்கும் ஊத்துறவன் நின்னுக்கிட்டே இருப்பான், மூணுக்கு மேல குடிக்கிறதும் மரியாதை இல்ல. ஊத்துறது யாரு தெரியுமா, அந்த வீட்டுப் புள்ள. டிரைவர் எனக்கும் அவங்க கையால ஊத்தியிருக்காங்க. பெரியவரு மவுத்தானதுக்கு அப்புறம் ஃப்ளாஸ்க் வந்துச்சு, அப்புறம் ஊத்துறதுக்கு ஒரு வேலையாள், அப்புறம் ஆளுக்கொரு பேப்பர் கப்பு டெலிவரியில வந்துச்சு, மஜ்லிஸ்ல ஆளுக்கொரு போன். இந்தக் கஹ்வாவையும் மஜ்லிஸையும் 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்துனாங்க, சந்தோஷம்தான், ஆனா நான் நின்ன வாசல்ல அது தெனம் நடக்கறது நின்னு போச்சே.

நோன்பு மாசத்துக்கு முந்துன ஷஃபான் மாசம் பாதியில ஹக் அல் லைலான்னு ஒண்ணு வரும், சின்னப் புள்ளைங்க வீடு வீடாப் போயி பாட்டுப் பாடி பருப்பும் மிட்டாயும் கேப்பாங்க, குடுக்கிறவங்களுக்கு மக்கா போற பாக்கியம் கெடைக்கணும்னு துஆ செய்வாங்க. மிட்டாய் வாங்குற அந்தப் பைய பாட்டி தைப்பாங்க. பின்னாடி வருஷங்கள்ல அந்தப் பைய வாங்க நான்தான் மாலுக்குக் கார் ஓட்டினேன், பேரு அச்சடிச்ச பெட்டி, ரிப்பன், எண்ணிக்கை சொல்லி ஆர்டர். புள்ளைங்க நடக்கவும் இல்ல, அவங்களையும் கார்ல ஏத்தி நாலு வீட்டுல எறக்கி ஏத்துனேன்.

துபாய்ல 2005ல தொறந்த ஒரு மாலுக்கு இப்னு பதூதா பேரு. 1325ல டான்ஜியர்லேர்ந்து ஹஜ்ஜுக்குன்னு கெளம்பி, உலகத்தச் சுத்தி, நம்ம மதுரை வரைக்கும் வந்து போன மனுஷன். அவர் போன நாடுகள்ல சிலதோட பேருல அங்க கூடம் கட்டியிருக்காங்க, பாரசீகக் கூடத்துக் குவிமாடம் அவ்வளவு அழகு, கழுத்து வலிக்க நிமிந்து பாத்திருக்கேன். பெரியவரோட பேரன் கிட்ட இந்த இப்னு பதூதா யாருன்னு கேட்டேன். மால் பேருன்னான்.

இன்னொண்ணு சொல்லணும், சொல்லும்போது நாக்கு தடுமாறும். மக்கா. காபா இருக்கிற ஹரம் பள்ளிக்குப் பக்கத்து மலையில ஒஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை இருந்துச்சு, 2002ல இடிச்சாங்க, இப்ப அந்த எடத்துல 601 மீட்டர் உயரத்துல மணிக்கூண்டு, ஹோட்டலு, கீழ மால். ஹாஜிகளுக்குத் தங்க எடம் வேணும், கூட்டம் அப்படி, அது நெஜம். ஆனா ராஜாவுக்கும் டிரைவருக்கும் தைக்காத ரெண்டு துண்டுத் துணின்னு அல்லா நம்மள ஒண்ணா நிறுத்துற எடத்துல, காபா தெரியற ரூமுக்கு ஒரு ரேட்டு, தெரியாத ரூமுக்கு ஒரு ரேட்டுன்னு இருக்கு. நான் உம்ராவுக்குப் போனப்ப காபாவச் சுத்துற தவாஃப் முடிச்சு வெளிய வந்ததும் ஸம்ஸம் ஈரம் காயறதுக்குள்ள வாட்ச் கடை முன்னாடி நின்னுட்டேன். நின்னேன், வெலையும் கேட்டேன். அன்னைக்கு ராத்திரி குர்ஆன்ல தகாஸுர் சூரா ஓதும்போது அழுகை வந்துச்சு, எட்டே ஆயத்து, சேத்துச் சேத்து வக்கிற ஆச கப்ருக்குப் போற வரைக்கும் உங்கள மறக்கடிச்சிடுச்சுன்னு அல்லா சொல்றான், அது அரபிக்கு மட்டும் சொன்னது இல்லையே.

நாம என்ன செஞ்சோம், சொல்லுங்க. 30 கிலோ பெட்டியில செண்டும் கம்பளியும் கொண்டாந்து எறக்கி, பெட்டி பெருசா இருந்தாத்தான் சபுராளிக்கு மதிப்புன்னு இந்த ஊர்ல ஆக்குனது நாமதான். நோன்புக் கஞ்சிய பள்ளியில போயி வரிசையில வாங்குறதுக்கு நம்ம புள்ளைங்க இன்னைக்குக் கூச்சப்படுதுங்க.

கடைசியா ஒண்ணு. வேலைய விட்டு வந்ததுக்கு அப்புறம் 2019ல என் மகனப் பாக்க ஷார்ஜா போனப்ப அந்த வீட்டுக்கும் போனேன். பேரனுக்கு அப்ப பொண்ணு பாத்து முடிச்சிருந்தாங்க, மாப்புள்ள வீட்டு மஜ்லிஸ்ல அவனே கஹ்வா ஊத்தணும். ஜத்து, அதான் தாத்தா, காலத்துல எப்படி ஊத்துவாங்க, நீங்கதானே தெனம் பாத்தீங்க, சொல்லிக்குடுங்கன்னு என்னையக் கேட்டான். அரபி வீட்டுப் புள்ளைக்கு நான் சொல்லிக்குடுக்கணுமான்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அலமாரியில காட்சிக்கு வச்சிருந்த பெரியவரோட தல்லாவ எறக்கி, கழுவி, ரெண்டு பேரும் உக்காந்தோம். எடது கையில புடிக்கச் சொன்னேன். பேப்பர் கப்புல ஊத்துற பழக்கம், ஃபின்ஜான் வழியற மாதிரி ஊத்திட்டான். இப்படி ஊத்துனா என்னையப் போகச் சொல்ற மாதிரி வாப்பான்னேன். மொகமெல்லாம் செவந்துடுச்சு அவனுக்கு, அத வாங்கிக் கீழ கொட்டிட்டு, கிண்ணத்தத் தொடச்சு, மறுபடியும் ஊத்துனான், கால் கிண்ணம்.